வெள்ளி வற்றிய ஆண்டின் ஒரு ரூபாய்த் தாள்

 

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெண்கல விளக்குகளுக்கும் கப்பல் மணிகளுக்கும் இடையே பழைய நாணயங்களும் தாள்களும் விற்பனைக்குக் கிடக்கும். அவற்றுள் சுற்றுலாப் பயணிகள் அதிகம் பொருட்படுத்தாத ஒன்று உண்டு. உள்ளங்கையளவே உள்ள வெள்ளைத் தாள். அதன் முகப்பில் 1917ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய் நாணயம் படமாக அச்சிடப்பட்டிருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். இந்திய அரசு வெளியிட்ட முதல் ஒரு ரூபாய் நோட்டு இதுதான். 1917 நவம்பர் 30 அன்று வெளிவந்தது.

அத்தாளில் ரூபாயின் மதிப்பு எட்டு இந்திய மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. உருது, இந்தி, வங்காளம், பர்மியம், தெலுங்கு, தமிழ், கன்னடம், குஜராத்தி என்பன அவை. பர்மியம் இருக்கிறது, மலையாளம் இல்லை. தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் விலை பேசிய ஒரு துறைமுகத்தில், மலையாளம் இல்லாத ஒரு தாளை வெள்ளிக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளுமாறு மக்களிடம் சொல்லப்பட்டது. அந்தத் தாள் ஏன் பிறந்தது, கொச்சியில் அதன் பொருள் என்னவாக இருந்தது என்பதே இப்பதிவின் செய்தி.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1917இல் கொச்சி என்பது ஓர் ஊர் அன்று. கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டியே இருந்த மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானத்துக்குரியது. நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இரண்டு ஆட்சிகள், இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு காவல் துறைகள். ஆனால் வணிகம் இந்த எல்லையை மதித்ததில்லை. திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றுக்கும் இடையே 1865இல் ஏற்பட்ட துறைமுக உடன்படிக்கைக்குப் பிறகு சுங்கத் தடைகளும் பெரும்பாலும் நீங்கின. மட்டாஞ்சேரியின் பாண்டிகசாலைகளில் அடுக்கப்பட்ட மிளகும் இஞ்சியும் கொப்பரையும் கயிறும் வள்ளங்களில் ஏறி, முகத்துவார மணல்திட்டுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சென்றன. ராபர்ட் பிரிஸ்டோ வந்து துறைமுகத்தை ஆழப்படுத்தும் பணியைத் தொடங்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

இந்த வணிகத்தின் நாணயம் வெள்ளி ரூபாய். கொச்சி அரசர்களுக்கும் ஒரு காலத்தில் சொந்த நாணயம் இருந்தது; டச்சுக்காரர் காலத்தில் பழக்கத்துக்கு வந்த சிறு வெள்ளிக் காசைப் 'புத்தன்' என்றனர். புதியது என்பதே பெயரின் பொருள். மலையாளத்தில் புதுப்பணக்காரர் செல்வத்தைக் குறிக்க இன்றும் 'புத்தன் பணம்' என்கிறார்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது சமஸ்தானத்தின் பெரிய கணக்குகள் யாவும் பிரிட்டிஷ் இந்திய ரூபாயில்தான் நடந்தன. திருவிதாங்கூர் தன் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கொச்சி அந்தப் பிடிவாதத்தைக் காட்டவில்லை. ஆகவே கல்கத்தாவில் ரூபாய்க்குக் காய்ச்சல் வந்தால் மட்டாஞ்சேரியில் உடல் சுடும் நிலை.

அந்த ரூபாய் என்பது என்ன? 180 கிரெய்ன் எடை. அதில் 12இல் 11 பங்கு, அதாவது 165 கிரெய்ன், தூய வெள்ளி. நம் கணக்கில் ஏறத்தாழ 11.66 கிராம் எடையும் 10.69 கிராம் வெள்ளியும். ஆனால் 1893இல் நாணயச் சாலைகள் தனியாருக்கு மூடப்பட்ட பிறகு ரூபாயின் மதிப்பு அதன் வெள்ளியின் மதிப்பு அன்று. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று அரசு நிர்ணயித்திருந்தது. உள்ளே இருந்த வெள்ளியோ அதைவிட மலிவானது. அந்த இடைவெளிதான் அரசுக்கு ஆதாயம், ரூபாய்க்குப் பாதுகாப்பு. வெள்ளி மலிவாக இருக்கும் வரை எவரும் ரூபாயை உருக்க மாட்டார்.

இந்த ஏற்பாட்டுக்குள் ஓர் அபாயக் கோடு இருந்தது. லண்டன் சந்தையில் வெள்ளி அவுன்சு ஒன்று 43 பென்ஸைத் தொட்டால், ரூபாய்க்குள் இருக்கும் வெள்ளி சரியாக 1 ஷில்லிங் 4 பென்ஸ் பெறும். அதற்கு மேல் ஒரு பென்ஸ் ஏறினாலும் ரூபாயைப் பணமாகச் செலவழிப்பதைவிட உலோகமாக விற்பதே லாபம். 1915இல் வெள்ளியின் விலை 27 பென்ஸ் அளவில் இருந்தபோது இந்தக் கோட்டைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 1917 ஆகஸ்டில் அது 43ஐத் தாண்டியது. செப்டம்பரில் 55. அந்த விலையில் ஒரு ரூபாயின் வெள்ளி 1 ஷில்லிங் 8 பென்ஸுக்கும் சற்று அதிகம் பெறும். அரசு அப்போதுதான் உயர்த்தியிருந்த மாற்று விகிதமோ 1 ஷில்லிங் 5 பென்ஸ். உருக்குபவருக்கு ஐந்தில் ஒரு பங்கு லாபம்.

போரினால் வெள்ளித் தட்டுப்பாடு, ஆகவே தாள் அச்சிட்டனர் என்று நாணய சேகரிப்பாளர் நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது பொய்யில்லை; ஆனால் பாதிதான். மெக்சிகோவில் புரட்சி சுரங்கங்களை முடக்கியது, சீனம் வெள்ளியை வாங்கியது, எல்லா நாடுகளும் படைவீரர்க்குச் சம்பளம் தர நாணயம் அடித்தன. அவையெல்லாம் விலையேற்றத்தின் காரணங்கள். ஆனால் இந்தியாவுக்கு இவ்வளவு வெள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விடை வியப்பானது. இந்தியா கடன்பட்டதால் வந்த நெருக்கடி அன்று இது. இந்தியாவுக்கு உலகம் கடன்பட்டதால் வந்தது. சணல், கோதுமை, தோல், எண்ணெய் வித்துகள் என்று போருக்கு வேண்டிய யாவும் இங்கிருந்து சென்றன. மெசபடோமியாவிலும் எகிப்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் போரிட்ட படைகளுக்கான செலவைப் பிரிட்டனின் சார்பில் இந்திய அரசே இங்கு ரூபாயாகக் கொடுத்தது. 1914 முதல் 1919 இறுதி வரை அது சுமார் 24 கோடி பவுண்டு. இதைத் தவிர 1917இல் 10 கோடி பவுண்டு போர் நன்கொடையாகவும் எழுதப்பட்டது. அமைதிக் காலமாக இருந்திருந்தால் இந்த மிகைக்கு ஈடாகப் பொன்னும் வெள்ளியும் கப்பலேறி வந்திருக்கும். போர்க்காலத்தில் லண்டன் பொன்னை விடவில்லை. கொடுத்தது பத்திரங்களை. இந்தியாவில் விற்பவனுக்கு ரூபாய் கொடுத்தாக வேண்டும். அந்த ரூபாய்க்கு ஆதாரமாக லண்டனில் பிரிட்டிஷ் கருவூல உண்டியல்கள் குவிந்தன. நோட்டுகளுக்கு எதிராகப் பத்திரங்களில் வைக்கக்கூடிய தொகையின் சட்ட வரம்பு 14 கோடி ரூபாயிலிருந்து 1919க்குள் 120 கோடியாக உயர்த்தப்பட்டது. அதில் 100 கோடி பிரிட்டிஷ் கருவூல உண்டியல்களுக்கு. 1914 மார்ச்சில் 66 கோடி ரூபாய் மதிப்புக்குப் புழங்கிய நோட்டுகள் 1919 நவம்பரில் ஏறத்தாழ 180 கோடியாயின.

நேராகச் சொன்னால், கையில் நோட்டை வைத்திருந்த ஒவ்வோர் இந்தியரும் தாம் அறியாமலேயே பிரிட்டனின் போருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். இதில் எனக்கு ஐயமில்லை.

மட்டாஞ்சேரியின் நிலை இதில் தனித்தது. இந்தியாவில் ரூபாய் பெறுவதற்காக லண்டனில் விற்கப்பட்ட கவுன்சில் உண்டியல்கள் 1916 டிசம்பர் முதல் கட்டுப்படுத்தப்பட்டன. போருக்கு முக்கியமான ஏற்றுமதிக்குப் பணம் கொடுக்கும் தேர்ந்தெடுத்த வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்குமே அவை கிடைத்தன. கொப்பரையின் எண்ணெயிலிருந்து கிளிசரின் வரும், கிளிசரினிலிருந்து வெடிமருந்து வரும். ஆகவே அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மிளகும் சுக்கும் எந்தப் பீரங்கிக்கும் தேவையில்லை. கோட்டைக் கொச்சியில் வோல்கார்ட் சகோதரர்கள், ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி போன்ற ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மதராஸ் வங்கியின் கிளை இருந்தது. அவர்களுக்குச் சரக்கு சேர்த்துக் கொடுத்த மட்டாஞ்சேரியின் குஜராத்திச் சேட்டுகள், கொங்கணி வணிகர்கள், கச்சி மேமன்கள் ஆகியோருக்கும் உள்நாட்டில் அவர்களுக்குச் சரக்கு கொண்டுவந்தவர்களுக்கும் வேண்டியதோ கையில் ஒலிக்கும் ரூபாய்.

அந்த ஒலிக்குத் தென்னாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று மதராஸில் அர்பத்நாட் கம்பெனி வீழ்ந்தது. தாளில் எழுதிய கணக்கை நம்பி ஓய்வூதியத்தையும் பெண்ணின் கல்யாணப் பணத்தையும் அங்கே போட்டிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இந்தியன் வங்கி 1907இல் பிறந்ததற்கு அந்த வீழ்ச்சியே தூண்டுதல். பிறகு 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் மதராஸ் துறைமுகத்தைச் சுட்டது. அடுத்த சில வாரங்களில் கொச்சிக்கு மேற்கே மினிக்காய்க் கடற்பரப்பில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. தமிழில் 'எம்டன்' என்றும் மலையாளத்தில் 'எமண்டன்' என்றும் சொல் நிலைத்துவிட்டதைப் பலரும் அறிவர். அறியப்படாதது, போர் தொடங்கிய அந்த இரண்டு மாதங்களில் நாடெங்கும் மக்கள் அஞ்சலகச் சேமிப்பிலிருந்து சுமார் 6 கோடி ரூபாயைத் திரும்பப் பெற்றார்கள் என்பது. அச்சம் வந்தால் மக்கள் வெள்ளியிடம் போவார்கள். 1917இல் அவர்களிடம் அரசு தாளை நீட்டியது.

அதற்கு முன் சட்டங்கள் வந்தன. 1917 ஜூன் இறுதியில் பொன், வெள்ளி நாணயங்களை உருக்குவதும் நாணயமல்லாத வேறு பயனுக்குக் கொள்வதும் குற்றமாக்கப்பட்டன. செப்டம்பரில் தனியார் வெள்ளி இறக்குமதி தடை; வெள்ளி ஏற்றுமதிக்கும் தடை. தட்டாருக்கு வரும் பாதசரக் கொலுசு எதிலிருந்து உருகியது என்று கண்டறிவது எந்தக் காவலராலும் இயலாத காரியம் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்தே இருப்பார்கள். பிறகுதான் நவம்பர் 30. ஒரு மாதம் கழித்து, 1918 ஜனவரி தொடக்கத்தில், இன்னும் விசித்திரமான ஒன்று: இரண்டரை ரூபாய் நோட்டு. 'இரண்டு ரூபாய் எட்டணா' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. இந்திய வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு நோட்டு வந்ததில்லை.

ஒரு ரூபாய் நோட்டுகள் இங்கிலாந்தில் அச்சாகி, 25 தாள்கள் கொண்ட சிறு புத்தகங்களாக வந்தன. காசோலையைப் போல் கிழித்துக் கொடுக்க வேண்டும். எம்.எம்.எஸ். கப்பே, ஏ.சி. மெக்வாட்டர்ஸ், எச். டென்னிங் ஆகிய மூவரின் கையொப்பங்களில் ஏதேனும் ஒன்று அவற்றில் காணப்படும். பிரிட்டனில் 1914 ஆகஸ்டிலேயே இதைப் போன்ற ஒன்று நடந்திருந்தது. பொன் சவரனைப் புழக்கத்திலிருந்து மீட்க, ஜான் பிராட்பரியின் கையொப்பத்துடன் கருவூலம் ஒரு பவுண்டு தாள்களை வெளியிட்டது. முதல் தாள்களை அஞ்சல் தலைக்குரிய காகிதத்தில் அச்சிட்டார்கள், அவ்வளவு அவசரம். ஐதராபாத் நிஜாம் அரசும் 1918இல் சட்டமியற்றித் தன் சொந்த நோட்டுகளை வெளியிடத் தொடங்கியது. இந்திய வெள்ளி ரூபாயையே நம்பியிருந்த இலங்கையில் 1917இலேயே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்கள் வந்தன. தோட்டத் தமிழர் ஊருக்குக் கொண்டுவரும் கூலியில் வெள்ளி குறைந்து தாள் கூடியது அந்தக் காலத்தில்தான்.

இந்திய நோட்டில் ஒரு வாக்குறுதி இருந்தது. கேட்ட மாத்திரத்தில், வெளியீட்டு அலுவலகத்தில், ஒரு ரூபாய் கொடுப்பதாக உறுதியளிக்கிறேன் என்பது அதன் பொருள். இங்கே 'ஒரு ரூபாய்' என்றால் வெள்ளி. வெளியீட்டு அலுவலகங்கள் எங்கே இருந்தன? கல்கத்தா, பம்பாய், மதராஸ், கான்பூர், லாகூர், கராச்சி, ரங்கூன் என ஏழு. 1860களில் கோழிக்கோட்டிலும் ஒரு துணை வட்டம் இருந்தது. அது என்றோ மறைந்தது. ஆக, மட்டாஞ்சேரியில் நோட்டு வைத்திருந்த ஒருவருக்கு அந்த வாக்குறுதி சட்டப்படி நிறைவேறும் இடம் மதராஸ். 1902இல் எர்ணாகுளம் வரை ரயில் வந்துவிட்டது என்பது உண்மை; திருப்பூணித்துறைக் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்று ராமவர்ம மகாராஜா அமைத்த பாதை என்று கொச்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு ரூபாய் மாற்ற ரயிலில் மதராஸுக்குப் போகிறவர் எவருமில்லை.

போருக்கு முன் மாவட்டக் கருவூலங்களில் சலுகையாக நோட்டை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அந்தச் சலுகை பெரும்பாலும் நீக்கப்பட்டது. ரயிலிலும் நீராவிப் படகிலும் நாணயம் கொண்டுசெல்லத் தடை. அஞ்சலில் அனுப்பத் தடை. நோட்டு அலுவலகங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. காகிதத்தில் வாக்குறுதி மாறாமல் இருந்தது. அதனிடம் செல்லும் பாதைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன.

அடைபட்ட இடத்தில் சராப்புகள் கடை விரித்தார்கள். நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்கினால் வட்டம் பிடித்துக்கொள்வது அவர்கள் தொழில். வழக்கமாக அது அரைக்கால் அணா விவகாரம். 1918இல் நாட்டின் சில பகுதிகளில் இந்த வட்டம் 19 விழுக்காடு வரை சென்றது என்று 1919இல் கூடிய பேபிங்டன் ஸ்மித் குழுவின் அறிக்கையே பதிவுசெய்கிறது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு 81 ரூபாய் என்றால், அந்த 19 யார் வயிற்றில் அடித்தது?

கயிறு திரிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுடைய கூலி அணாக் கணக்கு. ஒரு ரூபாய்த் தாள் அன்றாடம் அவள் கைக்கு நேராக வந்திராது. ஆனால் அவளுடைய கயிற்றை வாங்கும் தரகர் மட்டாஞ்சேரியில் நோட்டைப் பெற்றுக்கொண்டு, அவளுக்குக் கொடுக்கச் சில்லறையாக மாற்ற வேண்டும். அந்த வட்டத்தைத் தரகர் தன் பையிலிருந்து கொடுப்பார் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை. மேலே பாண்டிகசாலையில் பேரேடு எழுதுபவர் நோட்டை முழு மதிப்புக்கு வரவு வைப்பார்; கீழே போகப் போக அது தேய்ந்துகொண்டே வரும். நெருக்கடிக் காலத்தின் தாள் பணம் என்பது ஏணியில் இறங்குகிறவரிடம் ஒவ்வொரு படியிலும் சுங்கம் வாங்கும் ஒன்று.

இங்கேதான் அந்த எட்டு மொழிகள் முக்கியமாகின்றன. மட்டாஞ்சேரியைப் போல அத்தாளைப் பல கண்கள் படித்த ஊர் அபூர்வம். சேட்டுக்குக் குஜராத்தி இருந்தது. கன்னட எழுத்து பழகிய கொங்கணி வணிகருக்குக் கன்னடம். மேமனுக்கு உருது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் சீருடை வெளுக்க அழைத்து வரப்பட்டு, இன்றும் வெளிப் பகுதியில் துறை வைத்துள்ள தமிழ் வண்ணாருக்கும், வாணிகத்துக்கு வந்த தமிழருக்கும் தமிழ் இருந்தது. ஐரோப்பிய நிறுவனத்தின் எழுத்தருக்கு ஆங்கிலம். மலையாளம் மட்டும் அறிந்தவருக்கு அங்கே ஒரு நாணயத்தின் படம் இருந்தது. படம் போட்டதன் நோக்கமே அதுதான் என்று நான் கருதுகிறேன்: எழுத்து உதவாத இடத்தில் வெள்ளியின் நிழலைக் காட்டி நம்பச் சொல்வது. கூடவே மலபாரின் மழையையும் கரையானையும் நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் போட்டு மண்ணில் புதைத்த வெள்ளி மூன்று தலைமுறை கழித்தும் வெள்ளி. மிதுனமும் கர்க்கடகமும் கடந்த தாளின் கதி வேறு.

1918 மார்ச் 21 அன்று மேற்கு முனையில் ஜெர்மானியப் பெருந்தாக்குதல் தொடங்கியது. பிரிட்டன் தோற்கப்போகிறது என்ற செய்தி பரவியதும் பம்பாய் நோட்டு அலுவலகத்தில் கூட்டம் முண்டியடித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அரசின் கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய் பத்தரைக் கோடி. ஜூன் முதல் வாரத்தில் அது 4 கோடி அளவுக்குச் சரிந்தது. இன்னும் சில வாரங்கள் அப்படியே போயிருந்தால் இந்திய அரசு தன் நோட்டுக்கு வெள்ளி தர இயலாது என்று வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். போரின் நடுவே அப்படி ஓர் அறிவிப்பு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைத் தில்லியும் லண்டனும் நன்றாகவே உணர்ந்திருந்தன. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். அவன் குடும்பம் பஞ்சாபிலோ வடாற்காட்டிலோ மணியார்டருக்காகக் காத்திருந்தது.

காப்பாற்றியது வாஷிங்டன். அமெரிக்கக் கருவூலத்தின் நிலவறைகளில் 19ஆம் நூற்றாண்டின் அரசியலால் குவிந்த வெள்ளி டாலர்கள் எவருக்கும் பயன்படாமல் கிடந்தன. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மேன் சட்டம் நிறைவேறியது. 35 கோடி டாலர் வரை உருக்கி விற்கலாம். அதிலிருந்து 20 கோடி அவுன்சு வெள்ளியை, அவுன்சு ஒன்றுக்கு ஒரு டாலர் ஒன்றரை சென்ட் விலையில், இந்தியா வாங்கியது. அந்த வெள்ளி பசிபிக் கடலைக் கடந்து வந்து கல்கத்தாவிலும் பம்பாயிலும் ரூபாயாக அடிக்கப்பட்டது. இன்று நம் பாட்டிமார் பெட்டியில் 1918 என்று பொறித்த ரூபாய் கிடைத்தால், அதன் முற்பிறவி அமெரிக்க டாலராக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு.

வெள்ளி பசிபிக்கில் பத்திரமாக வந்தது. தாளுக்குக் கடல் அவ்வளவு கருணை காட்டவில்லை. லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட ஷிராலா என்ற கப்பலை 1918 ஜூலை 2 அன்று ஆங்கிலக் கால்வாயிலேயே ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. சரக்கில் இந்திய நோட்டுக் கட்டுகளும் இருந்தன: கையொப்பமிடாத ஐந்து, பத்து ரூபாய்த் தாள்கள், கையொப்பமிட்ட ஒரு ரூபாய்த் தாள்கள். கட்டுக் கட்டாக அவை இங்கிலாந்தின் கரையில் ஒதுங்கின. பெரும்பாலானவற்றை அதிகாரிகள் மீட்டு அழித்தார்கள்; தப்பிய சில இன்று லண்டன் ஏலங்களில் அவற்றின் முகமதிப்புக்கு எத்தனையோ மடங்கு விலை போகின்றன. 2024இல் அவற்றில் இரண்டு பத்து ரூபாய்த் தாள்கள் ஏலத்துக்கு வந்தபோது நாளிதழ்கள் அதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன.

வெள்ளி வந்ததால் கொச்சியின் துன்பம் தீர்ந்ததா? 1918இன் இறுதி இன்னொரு கதை. கொச்சியும் திருவிதாங்கூரும் உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கடல் வழியே வருவது. பருவமழை பொய்த்தது, கப்பல்கள் போருக்குச் சென்றிருந்தன, அரிசி விலை ஏறியது. செப்டம்பரில் மதராஸ் நகரிலேயே தானியக் கலவரம். அதற்குமேல் விஷக்காய்ச்சல். ஒரு ரூபாய்த் தாளில் பர்மிய எழுத்தைக் கண்டவர்களுக்கு அத்தாள் எவ்வளவு பர்மா அரிசி வாங்கும் என்பது மட்டுமே அப்போது கேள்வி. சமஸ்தானத்தின் திவானாக அந்நாளில் இருந்த ஜோசப் போர், பின்னாளில் இந்தியப் பொதுச் சுகாதாரக் குழுவின் தலைவராக அறியப்பட்டவர். அவருடைய பெயர் தாங்கிய 1946ஆம் ஆண்டு அறிக்கையைப் படிக்கிறவர்கள் 1918இல் அவர் எங்கே இருந்தார் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

போர் முடிந்த பிறகும் வெள்ளி ஏறியது. 1920 பிப்ரவரியில் 89 பென்ஸைக் கடந்து உச்சம் தொட்டது. ஒரு ரூபாயின் வெள்ளி அப்போது ஏறத்தாழ 2 ஷில்லிங் 9 பென்ஸ் பெறும். ரூபாயை 2 ஷில்லிங்கில் நிறுத்தலாம் என்று பேபிங்டன் ஸ்மித் குழு பரிந்துரைத்தது. குழுவின் ஒரே இந்திய உறுப்பினரான தாதிபா தலால் மட்டும் மறுத்துத் தனிக் குறிப்பு எழுதினார். பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதும் என்றார். அரசு அவரைக் கேட்கவில்லை. சில மாதங்களில் வெள்ளியும் சரிந்தது, ரூபாயும் சரிந்தது. 2 ஷில்லிங் நிலைக்கும் என்று நம்பிச் சரக்குக்கு உத்தரவு கொடுத்த இறக்குமதி வணிகர்கள் பலர் நொடித்துப் போனார்கள். இந்தக் குளறுபடிகளை நேரில் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர்தான் 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை வெளியிட்ட அம்பேத்கர். ரூபாயின் அளவுக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும், அதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடக்கூடாது என்ற அவருடைய வாதத்தை 120 கோடி ரூபாய்ப் பத்திரங்களின் பின்னணியில் வைத்துப் படித்தால் அதன் கூர்மை புரியும். அவரைச் சட்டத்துக்காக மட்டும் நினைவுகூர்பவர்கள் அந்நூலைத் தவறவிடுகிறார்கள்.

ஒரு ரூபாய், இரண்டரை ரூபாய் நோட்டுகளின் வெளியீடு 1926 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. அச்சுச் செலவு கட்டுபடியாகவில்லை என்பது அரசு சொன்ன காரணம். இரண்டரை ரூபாய் மீளவே இல்லை. ஒரு ரூபாய் 1940இல் மீண்டது. அப்போதும் போர், அப்போதும் அதே ஓட்டம். பிரான்சு வீழ்ந்த செய்தி வந்ததும் மக்கள் மறுபடி வெள்ளியிடம் ஓடினார்கள். ஆனால் அரசு 1917இன் பாடத்தை நன்கு கற்றிருந்தது. புதிய தாளில் 'கொடுப்பதாக உறுதியளிக்கிறேன்' என்ற சொற்கள் இல்லை. 1940 ஜூலையில் வந்த அவசரச் சட்டம் அத்தாளையே ரூபாய் நாணயம் என்று அறிவித்துவிட்டது. நாணயத்துக்கு நாணயம் கொடுக்கத் தேவையில்லை அல்லவா? அவ்வாண்டின் இறுதியில் உலோக ரூபாயின் வெள்ளியும் பாதியாகக் குறைந்தது. விக்டோரியா ரூபாய்கள் 1941 மார்ச்சோடு செல்லாதவையாயின. பத்து ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழி இருக்க, ஒரு ரூபாய்த் தாளில் உறுதிமொழி எதுவுமின்றி நிதிச் செயலாளரின் கையொப்பம் மட்டும் இருப்பது ஏன் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. விடை அந்த 1940 ஜூலையில் இருக்கிறது.

மலையாளம் நோட்டில் இடம்பெற்றது சுதந்திரத்துக்குப் பிறகுதான். பர்மியம் விடைபெற்றது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய்த் தாள் 1949இல் அசோகத் தூணின் சிங்க முகப்புடன் வந்தது. அதில் கையொப்பமிட்ட நிதிச் செயலாளர் கே.ஆர்.கே. மேனன், பழைய கொச்சிச் சமஸ்தானத்தின் கொடகரையைச் சேர்ந்தவர்.